நான் பகிர்ந்த அந்த விளம்பரம்



கொஞ்சம் நீளமான பதிவு. அவலாஞ்சியில் இரண்டு நாளாக சிக்னல் இல்லை. எமரால்டு கடைவீதிக்கு வந்து, ஒரு டீயைச் சொல்லிவிட்டு இதைப் போடுகிறேன்.

போன மாதம் "சினிமாவுக்குப் புதுமுகங்கள் தேவை, முன் அனுபவம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. யார் அனுப்பியது, உண்மையா என்று விசாரிக்கவில்லை. நம் பழைய மாணவர் குழுவில் போட்டு, "முயற்சி செய்யுங்கள், வாழ்த்துகள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரிதான் வினையானது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தி, பெயர் வேண்டாம். இப்போது தேயிலை பறிக்கிறாள். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நாடகம் என்றால் உயிர். தாயும் மகளும் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள். லாட்ஜ் அறையில் ஒருவர் நாலைந்து போட்டோ எடுத்து, பதிவுக் கட்டணம், ஆல்பம், 'ஆர்டிஸ்ட் கார்டு' என்று மொத்தம் 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ஒரு மோதிரம் அடகுக் கடைக்குப் போனது. இப்போது அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

"சார், நீங்க அனுப்புனதாலதான் விசாரிக்காம போயிட்டோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பாதிப் பணமாவது வாங்கிக்கொள் என்றேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம். இப்படி யாருக்காவது நடந்தால் அன்றைக்கே அழையுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் அழைத்தோம்.

அதன் பிறகுதான் இந்தத் தொழிலில் ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். வாத்தியார் புத்தி, அடி பட்ட பிறகுதான் பாடம் படிக்கிறது.

முதலில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பம்பாயில் நடிகர் தேர்வு செய்பவர் என்று தனி ஆளே உண்டு; அவருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பாளர். ஏஜென்ட் என்பவர், நமக்கு வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு எடுப்பார். தமிழில் முகம் தேடி அலைவது பெரும்பாலும் உதவி இயக்குநர்கள்தான். இவர்களில் யாருக்கும் நாம் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் விஜய் டிவி நடனப் போட்டியில் ஆடினார், அடுத்த ஆண்டு தெலுங்கு ஈடிவியில். பிறகு ஜார்ஜியா நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போய்விட்டார். அங்கே இருக்கும்போதுதான் இயக்குநர் அல்போன்ஸ் புத்திரன் தேடிப் பிடித்தார். 2015-இல் 'பிரேமம்' வந்தது. அந்த அழைப்பை அவர் முதலில் நம்பவில்லையாம், யாரோ தொல்லை தருகிறார்கள் என்று நினைத்தாராம். நிஜமான அழைப்பை அவர் சந்தேகப்பட்டார். நாங்கள் பொய்யான அழைப்பை அப்படியே நம்பினோம்.

விஜய் சேதுபதி துபாய் வேலையை விட்டு வந்து, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதினார். நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். 'புதுப்பேட்டை' (2006), 'வெண்ணிலா கபடி குழு' (2009) என்று கண் சிமிட்டினால் தவறிவிடும் வேடங்கள். இடையில் குறும்படங்கள். 2010-இல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று'. பசுபதி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் எல்லாரும் அதே பட்டறைதான். புதுமுகம் தேடுபவர்கள் நாடகம் பார்க்கப் போகிறார்கள், குறும்படம் பார்க்கிறார்கள். அங்கே நம் பிள்ளை கண்ணில் படவேண்டும். ஆல்பத்துக்குக் கொட்டும் காசு வீண்.

வீட்டிலிருந்தே ஆடிஷன் வீடியோ அனுப்ப ஒரு செல்போன் போதும். பகல் வெளிச்சம், வெறும் சுவர், மேக்கப் வேண்டாம். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் சொல்லி, ஒன்றிரண்டு நிமிடம் நடித்துக் காட்டவேண்டும். படுகு தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சென்னையில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? முழுப்படம் ஒன்று, முகம் மட்டும் ஒன்று, அவ்வளவுதான் போட்டோ. தேர்வுக்குக் கூப்பிட்டால் அலுவலகமா என்று பாருங்கள். லாட்ஜ் என்றால் வேண்டாம். பெண் பிள்ளையோடு ஒருவர் கூடப் போகவேண்டும். படத்தின் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்துக்கே போன் போட்டு விசாரியுங்கள்.

'மூன்றாம் பிறை' கேத்தி ஸ்டேஷனுக்கு வந்த காலத்திலிருந்து நம் மலைக்கு ஷூட்டிங் வந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் நிற்கப் போனாலும் நாள் கூலி அவர்கள்தான் தருகிறார்கள், நாம் தருவதில்லை. எனக்கு இது அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பெண், "இனிமே நடிப்பே வேண்டாம் தாத்தா" என்கிறாள். அவள் அம்மாவும் அதையே சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பின்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். மழை விட்டால் அங்கேயே நிற்க வைத்து நானே வீடியோ எடுக்கலாம் என்று. வருவாளா தெரியாது.

சென்னையில் நாடகக் குழுக்களோடு பழக்கம் உள்ளவர்கள், விடுமுறையில் பயிற்சி நடக்கும் இடங்களை நேரில் விசாரித்துச் சொல்லுங்கள். வந்த செய்தியை அப்படியே பார்வர்டு செய்யவேண்டாம். இந்த வாரம் சிக்னல் நிலையில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் கிடைப்பேன்.