சூரியனுக்கு முதுகு காட்டி

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் உண்டு. அலைச் சத்தம் கிடையாது. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவாளர் ஊர் அது. அங்கே லுங்கி நெய்விக்கும் நண்பர் ஒருவர், தம் சரக்கைக் கடற்கரையில் வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; கூடவே கிளம்பிவிட்டேன்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் பழவேற்காடு. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடி. அதில் ஒரு நியாயம் இருந்தது. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்களை இழுத்து வந்தது நம் பக்கத்துத் துணிதான். கிழக்கே தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்க அவர்களுக்குத் துணியே பணம். கட்டம் போட்ட லுங்கியை மலாய்க்காரர்கள் இன்றும் 'காயின் பெலேகாட்' என்கிறார்கள். அந்தப் பெலேகாட் நம் பழவேற்காடுதான்! நண்பரின் சரக்கும் மலேசியாவுக்குத்தான் போகிறது.

விடியுமுன் ஏரிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சென்னையிலிருந்து வந்த போட்டோகிராபர், அவருடைய கையாள் பையன், லுங்கி கட்டி நிற்க இரண்டு கல்லூரி மாணவர்கள்.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறான். காலையில் கடலும் படத்தில் விழவேண்டுமானால் ஆள் அவனுக்கு முதுகு காட்டித்தான் நிற்கவேண்டும். முகமும் துணியும் இருண்டு போகும். திருப்பி நிறுத்தினால் கடல் போய்விடும், கண்ணும் கூசும். பழைய குடும்பப் படங்களில் நம் தாத்தாக்கள் ஏன் அவ்வளவு கோபமாக முறைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாதிக் கோபம் வெயிலின் மேல்தான்.

இதற்குத்தான் கையோடு கொண்டுபோகும் பிளாஷ் விளக்கு. 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் பளிச்சென்று வெளிச்சம் உண்டாக்கினார்கள். கூடவே புகையும் எழும்பியது. இன்றோ பாட்டரி போட்ட, டிபன் பெட்டியளவு விளக்கு ஒன்று போதும். ஒரு கம்பு, ஒரு வெள்ளைக் குடை, அவ்வளவுதான். ஆனால் கடற்காற்றுக்குக் குடை என்றால் பாய்மரம். பையன் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். விளக்கை இரண்டு பங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகக் குறையுமாம். ஆகவே மாணவர்கள் நகர நகர அவனும் நகர வேண்டியிருந்தது.

"விளக்கு கண் இமைக்குமுன் அடித்து ஓய்ந்துவிடும், சார். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் வானம்தான் மாறும், ஆள் மாறமாட்டான். வானத்துக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு" என்றார் போட்டோகிராபர்.

நண்பர் உடனே, "பாவு வேறே, ஊடை வேறே. புரிகிறது" என்றார். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

தகராறு அப்புறம்தான் வந்தது. போட்டோகிராபர் விளக்கின்மேல் ஓர் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டினார். விடியற்கால வெளிச்சத்தோடு விளக்கின் வெள்ளை ஒட்டவில்லையாம். எடுத்துக் காட்டிய படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. நண்பர் லுங்கியை மட்டும் பார்த்தார். கரு நீலக் கட்டம் பழுப்பேறியிருந்தது.

"தாளை எடுத்துவிடுங்கள், தம்பி."

"எடுத்தால் முகத்தில் மட்டும் விடியாத மாதிரி இருக்கும், ஐயா."

"இருக்கட்டும். வாங்குகிறவன் சூரியனையா இடுப்பில் கட்டிக்கொள்ளப் போகிறான்?"

போன வருஷம், படத்தில் பார்த்த நிறம் இதுவல்ல என்று ஒரு வியாபாரி சரக்கு முழுவதையும் திருப்பிவிட்டாராம். அந்த மாதம் பத்துத் தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க நண்பர் வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. இதை அவர் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தாள் வந்துவிட்டது. அடுத்த படத்தில் பின்னால் வானம் பொன்னாகவே இருந்தது. முன்னால் நீலம் நீலமாகவே இருந்தது. போட்டோகிராபர் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. விடியற்காலையை அவன் எந்த நிறத்தில் எழுதினாலும் சரக்கு திரும்பி வருவதில்லை. அன்று முதல் ஒரு வர்ணனை எழுதும்போதெல்லாம், இது யார் இடுப்புக்குப் போகிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.