எட்டு மைக்ரான்

சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கேட்டார். "ஏல, நீ லேத்தும் ஓட்டல, டிராயிங்கும் போடல. பெறவு எதுக்குத்தான் ஒனக்குச் சம்பளம் தாராங்க?"

குத்துக்கல்வலசையில் அப்பாவுக்கு லேத் பட்டறை. பம்ப்செட் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் எல்லாம் கடைவார். நான் கோயம்புத்தூரில், விமான உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிசினஸ் டெவலப்மென்ட். 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்கள். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் இதே மலைத்தொடரின் தெற்கே, மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது.

"ஆர்டர் பிடிக்கிற வேலைப்பா."

"அப்போ யாவாரி."

யாவாரிதான். ஆனால் ரொம்ப மெதுவான யாவாரம். ஏஎஸ் 9100 தரச்சான்று இல்லாவிட்டால் பெரும்பாலும் பேச்சே தொடங்காது. விலை படிந்த பிறகு ஒரு மாதிரி செய்து அனுப்ப வேண்டும். டிராயிங்கில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் எண் போட்டு, அளந்து, எழுதித் தர வேண்டும். உலோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சான்று வேண்டும். ஒரு வாடிக்கையாளரிடம் இந்தக் கட்டத்துக்கு வர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அந்த மாதிரி, அரை மீட்டர் நீள அலுமினிய பிராக்கெட். இரு முனைத் துளைகளுக்கு இடையேயான தூரம், அனுமதித்த எல்லையைத் தாண்டி எட்டு மைக்ரான் கூடியிருந்தது.

அளவு பார்க்கும் அண்ணன் மெல்லச் சொன்னார். "தம்பி, ஏசிய ஒரு டிகிரி கொறச்சு வச்சு அளந்தா பாஸ் ஆயிரும்."

அவர் சொன்னது சரிதான். அந்த நீள அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் பதினோரு மைக்ரான் சுருங்கும். அதனால்தான் உலகம் முழுக்க 20 டிகிரியில் அளக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் 20 என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு வருடத்து மின்னஞ்சல்கள் எல்லாம் கண்முன் ஓடின. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் உள்ளபடியே எழுதி அனுப்பினேன். மாதிரியை நிராகரித்தார்கள். தவறின் காரணத்தைக் கேட்டார்கள். முதலாளி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"எட்டு மைக்ரான்னா எம்புட்டு?"

அப்பாவின் கணக்கு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரு நூல நானூறாப் பிரிச்சா அதுல ஒண்ணு."

கொஞ்ச நேரம் பேசாமல் வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாங் கடஞ்சது சரியில்லன்னா தண்ணி ஏறாது. மறுநாளே கொண்டாந்து ஏசுவான். ஒன் சாமான் மேல போயிருச்சுன்னா யாரு கொண்டாருவா?"

நான் பதில் சொல்லவில்லை.

"பெறவு ஆர்டர் வந்துச்சா?"

"இன்னும் வரலப்பா. ரெண்டாவது மாதிரி போயிருக்கு."

"அளந்துதான அனுப்புன?"

"20 டிகிரியில."

தலையை மட்டும் ஆட்டிவிட்டு லேத்தை ஓட விட்டார்.