கடைமடைக்குப் போகும் தண்ணீர்

போன வைகாசியில் என் தங்கை மகள் ஒதியம்பட்டு வீட்டுக்கு வந்தாள். கையில் வெற்றிலை பாக்கு, பழத்தட்டு. "மாமா, என்னைப் பொறியியல் புலத்துக்கு டீனாப் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை பொறுப்பேத்துக்கணும்" என்று காலில் விழுந்தாள். எழுந்ததும் கேட்டாள்: "முப்பத்தோரு வருஷம் டீன் ஆபீஸ்லதான இருந்தீங்க. எதை முதல்ல கத்துக்கணும்?"

எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆறு டீன்களுக்குக் கோப்பு வைத்திருக்கிறேன். அன்று அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பிறகும் அவர் பேச்சில் பிரெஞ்சுச் சொற்கள் தங்கியிருந்தன. ஊரில் வயதில் மூத்தவரை 'துவாயேன்' என்பார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மூத்தவர் என்றும் பொருள், கல்லூரிப் புலத்தின் தலைவர் என்றும் பொருள். நாம் சொல்லும் டீனும் அதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. பத்துப் பேருக்குத் தலைவர் என்பதுதான் மூலப்பொருள். பத்தாயிரம் பேருக்கு அல்ல, பத்துப் பேருக்கு. பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவர் முகமும் தெரிந்திருக்க வேண்டும். வேலையின் முழுக் கனமும் அந்த எண்ணிக்கையில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

சிவில், மெக்கானிக்கல், மின்னியல், மின்னணுவியல், கணினி என்று துறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறைத்தலைவர். அவர்களுக்கு மேலே, துணைவேந்தருக்குக் கீழே டீன். பாடத்திட்டத் திருத்தம், ஆசிரியர் நியமனக் குழு, ஆய்வகக் கருவி வாங்குவது, தர அங்கீகாரத்துக்கு என்.பி.ஏ. குழு வரும்போது அலமாரி அலமாரியாகக் கோப்பு அடுக்குவது. இதில் பாதியை அலுவலகமே தயாரித்துக் கொடுத்துவிடும். நான் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தால் முடியாதது ஒன்று உண்டு. விதி வாய்திறக்காத இடத்தில் யார் பேசுவது? அங்கே டீன் மட்டும்தான் பேச முடியும்.

என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்று வைத்து விலக்குக் கேட்கலாம். எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். ஒருமுறை 72 சதவீதத்தில் ஒரு பையன் நின்றான். பாகூர் கொம்யூன் பக்கத்து விவசாயக் குடும்பம், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். நோய் அவனுக்கு அல்ல, அவன் அப்பாவுக்கு. ஜிப்மர் வார்டில் அவருக்குத் துணையாக இருந்திருக்கிறான். மகன் பெயரில் மருத்துவச் சான்று எங்கிருந்து வரும்? "விதிப்படி பரிசீலிக்க இயலாது" என்று நான் குறிப்பு எழுதினேன். அன்றைய டீன் படிக்காமல் கையெழுத்திட்டார். இருபது கோப்புகளில் அது பதினெட்டாவது. பையன் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. நான் எழுதியது விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அவனைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இன்றைக்கும் பாகூர் ஏரிக்கரையில் பஸ் போகும்போது அவன் முகம் வரும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை கிண்டியில் நடந்தது. 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. இப்போது அண்ணா பல்கலைக்கழக வளாகம், அதன் தலைவருக்கு டீன் என்று பெயர். அந்நாளில் பிரின்சிபால். 1940 வாக்கில் அந்த நாற்காலியில் கே.சி. சாக்கோ இருந்தார். லலிதா என்ற இளம்பெண்ணின் விண்ணப்பம் வந்தது. பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு, கணவனை இழந்தவர். அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். பொறியியல் வகுப்பில் பெண் உட்கார்ந்ததே இல்லாத காலம். 'முன்னுதாரணம் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சாக்கோ மூடவில்லை. பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேத்தமின் ஒப்புதலோடு லலிதாவைச் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்ததோடு விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக இருக்கக் கூடாது என்று, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் கொடுத்தார்களாம். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். லலிதா பட்டம் பெற்றபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது. அந்த லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தில் பங்கெடுத்தார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இன்று என் தங்கை மகள் டீன் நாற்காலியில் உட்காருகிறாள் என்றால் அந்தக் கோப்பு மூடப்படாததும் ஒரு காரணம். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கினாள். எனக்கும்தான்.

இரக்கம் மட்டும் போதுமா என்றால், போதாது. பொறியியல் கல்லூரியில் வேறொரு கையெழுத்தும் உண்டு. கட்டட வேலைக்காரர்கள் கான்கிரீட் கட்டிகளை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, எந்திரத்தில் வைத்து உடையும்வரை அழுத்துவார்கள். எம்20 கலவை என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஒருமுறை வந்த கட்டிகள் 14-ஐத் தாண்டவில்லை. கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. சோதித்த விரிவுரையாளர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், முகம் வெளுத்து வந்து நின்றார். டீன் அறிக்கையை வாங்கிப் படித்தார். "நீங்க எழுதின எண் அப்படியே போகட்டும். கீழே என் கையெழுத்தும் இருக்கட்டும், கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்" என்றார்.

அந்த வருடமே டீன் பொறுப்பு அவரிடமிருந்து கைமாறியது. மறுநாள் காலை முதல் வகுப்பில் மண் இயக்கவியல் நடத்தப் போனார். சாக்பீஸ் பெட்டியோடு நடந்து போனதைச் சன்னல் வழியே பார்த்தேன். டீன் பொறுப்பு சில வருடங்களுக்குக் கொடுக்கப்படுவது, வகுப்பறைதான் நிரந்தரம். இதை உணர்ந்தவருக்குத்தான் நாற்காலியில் இருக்கும்போது பயம் இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்து, சங்கராபரணியில் வெள்ளம் வந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். எத்தனையோ குடும்பங்கள் பள்ளிக்கூடக் கட்டடங்களை நம்பித்தானே படுத்திருக்கும்?

"ஆளுக்கு இளகு, எண்ணுக்கு இளகாதே" என்று அவளிடம் சொன்னேன். இரண்டையும் மாற்றிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டியவர் பிள்ளைக்கு மதிப்பெண்ணில் இளகுவார்கள், நாதியற்ற பிள்ளையிடம் விதியைக் காட்டுவார்கள்.

நம் பக்கம் ஏரிப்பாசனம் பார்த்து வளர்ந்தவள் அவள். மதகு திறந்ததும் முதல் மடை வயல் தானாக நனைந்துவிடும், அதற்கு யாரும் ஓட வேண்டியதில்லை. கடைமடைக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையிலேயே நடந்து போய் அடைப்பு எடுக்க வேண்டும். நகரத்துப் பள்ளியில் படித்துச் சரளமாக ஆங்கிலம் பேசும் மாணவன் டீன் இல்லாமலே முன்னேறிவிடுவான். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு, முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் வைத்து, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம்தான் நடந்து போக வேண்டும்.

பொறுப்பேற்ற மூன்றாம் வாரம் போன் செய்தாள்.

"மாமா, வருகை குறைஞ்சவங்க பட்டியல் வந்திருக்கு. பதினேழு பேர். இன்னும் கையெழுத்து போடல. ஒவ்வொருத்தரையா வரச்சொல்லப் போறேன். காலேஜ் முடிஞ்சு சாயங்காலம் வச்சா வகுப்பு கெடாது, இல்லையா?"

"வெளியூர்ப் பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"பாதிக்கு மேல."

"கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு நேரம் கொடு" என்றேன்.