அகமதாபாத்தின் தண்ணீர்

அகமதாபாத்,
அக்டோபர்

அன்புள்ள தோழிக்கு,

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மசூதிகளையும் கோட்டை வாசல்களையும் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகமும் உனக்குச் சொல்லிவிடும். நான் இந்த ஊரின் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். வந்த நாளிலிருந்து மனசு அதிலேயேதான் இருக்கிறது.

1411-இல் சுல்தான் அகமது ஷா சபர்மதிக் கரையில் இந்த நகரத்தை உருவாக்கினார். ஆற்றங்கரை ஊர்தான், ஆனால் அப்போதெல்லாம் மழைக்காலம் போனால் அந்த ஆற்றில் மணல்தான் மிச்சம் இருக்கும். சில மாதம் பெய்வதை வைத்து ஆண்டு முழுக்க ஓட்டியாக வேண்டியிருந்தது. இங்கே நாம் வியந்து பார்க்கிற கட்டடங்களில் பல அந்தக் கவலையில் பிறந்தவை.

பழைய நகரத்தில் குடியிருப்புகளைப் 'போல்' என்கிறார்கள். ஒரு வாசல், உள்ளே கிளை பிரிந்து போகும் சந்துகள், இருபுறமும் மரவேலைப்பாடு செய்த வீடுகள், நடுவே பறவைகளுக்குத் தீனி வைக்கத் தூண் மேல் ஒரு கூண்டு. 2017-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் முதலில் கிடைத்தது இதற்குத்தான். காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதி வரை வழிகாட்டியோடு ஒரு நடை இருக்கிறது. அதில் போய்விட்டு, பிறகு தனியாக அதே சந்துகளில் இன்னொரு முறை சுற்ற வேண்டும். அப்போதுதான் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்.

என்னைக் கூப்பிட்டவர் தெருவே 'பா' என்று அழைக்கும் ஒரு பாட்டியம்மா. முற்றத்தின் ஓரத்தில் கல் பாவிய தரையில் ஒரு செம்பு மூடி. நகர்த்திக் காட்டினார். கீழே ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஓர் அறை, சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, அடியில் அசையாத தண்ணீர். இதை 'டாங்கா' என்கிறார்கள். முதல் மழையை உள்ளே விடுவதில்லை. அது கூரையையும் மாடியையும் கழுவிக்கொண்டு வெளியே போய்விடும். அதற்குப் பிறகு பெய்வதைத்தான் குழாய் வழியாகக் கீழே திருப்புகிறார்கள். வெயில் படாததால் பாசி பிடிப்பதில்லை. கயிற்றில் கட்டிய சொம்பை இறக்கி மொண்டு கொடுத்தார். உப்பும் இல்லை, குளோரின் வாடையும் இல்லை. மழைத் தண்ணீருக்கு உள்ள அந்த லேசான சுவை மட்டும்தான். குழாய்த் தண்ணீர் வந்தபின் இவற்றில் பலவற்றை மூடிவிட்டார்களாம். கேட்கவே வருத்தமாக இருந்தது. சிலர் தூர்வாரிச் சுண்ணாம்பு பூசி மறுபடி நிரப்புகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுத வேண்டும்.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் அடாலஜ் படிக்கிணறு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தரையோடு தரையாக ஒரு கல்மேடை, அவ்வளவுதான். மூன்று பக்கமிருந்து இறங்கும் படிகள் முதல் தளத்தில் ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து தூண்களுக்கு நடுவே கீழே கீழே ஐந்து தளம். ஒவ்வொரு தளத்துக்கும் காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. மேலே கொளுத்துகிற வெயில் மூன்றாவது தளத்தில் மறந்தே போகிறது. சுவரில் ஒரு பெண் நின்றுகொண்டு மோர் கடைகிறாள். கயிற்றை இழுக்கிற கையின் வளைவை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. தண்ணீர் மொள்ள வந்த பெண்கள் அன்றாடம் பார்க்கிற இடத்தில் அவர்களுடைய வேலையையே செதுக்கி வைத்த சிற்பியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இந்தக் கிணற்றுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சுல்தான் மகமூது பேகடா, ரூடா என்ற ராணியின் கணவனைக் கொன்றானாம். அவளை மணக்கக் கேட்டானாம். கிணறு முடியட்டும் என்ற அவள், முடிந்ததும் அதிலேயே குதித்தாளாம். அங்கே இருக்கும் சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்வது வேறு. மகமூதின் ஆட்சியில், வீரசிம்மனின் மனைவி ரூடா 1499-இல் இதைக் கட்டுவித்தாள் என்கிறது அது. எனக்குக் கல்வெட்டுதான் போதும். இப்படியொரு வேலையைச் செய்து முடித்தவளை, செத்த விதத்தை வைத்து மட்டும் நினைவு வைப்பது அநியாயம்.

இன்னொன்று கேள். நகருக்குள்ளேயே அசார்வாவில் தாதா ஹரீர் படிக்கிணறு இருக்கிறது. அதுவும் அதே காலம்தான், அதுவும் ஒரு பெண் கட்டுவித்தது. சுல்தானின் அரண்மனையைச் சேர்ந்த பாய் ஹரீர் அவள். அங்கே அரபியிலும் சமஸ்கிருதத்திலும் கல்வெட்டு வைத்திருக்கிறாள். ஒரே சமயத்தில், இரண்டு மதத்துப் பெண்கள், வழிப்போக்கனுக்கும் ஊர்ஜனத்துக்கும் தண்ணீர் கொடுக்கப் பூமியை இவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள். அடாலஜில் கூட்டம் அலைமோதுகிறது, அசார்வாவில் ஆளே இல்லை. இரண்டையும் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சர்கேஜ் ரோஜாவுக்கு மாலையில் போனேன். ஷேக் அகமது கட்டு என்ற சூஃபி பெரியவரின் அடக்கத்தலம். அதன் பக்கத்தில் பேகடா ஏரி வெட்டி, கரையில் மாளிகையும் தனக்கொரு கல்லறையும் கட்டிக்கொண்டான். நம்மூர்க் கோயில் குளம் மாதிரி சுற்றிலும் படிக்கட்டு. மழை முடிந்த நேரமானதால் தண்ணீர் இருந்தது; கோடையில் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்களாம். ஏரிக்குள் நீர் வரும் மதகில் வட்ட வட்டமாக மூன்று துளைகள், சுற்றிலும் பூவேலை. மதகுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? 1451-இல் வெட்டிய காங்கரியா ஏரியிலும் இதே மாதிரி மதகு இருக்கிறது. பொம்மை ரயிலுக்காக வருகிற கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நகருக்குள் இப்போது சபர்மதி கரை தளும்ப நிற்கிறது, கரையில் அழகான நடைபாதை. ஆனால் நிற்பது பெரும்பாலும் நர்மதையின் தண்ணீர். கால்வாயில் கொண்டுவந்து தடுப்பணை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1930-இல் காந்தி தண்டிக்குப் புறப்பட்ட ஆசிரமத்தின் படித்துறையிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கூரையில் விழுந்த மழையைத் தனக்கென்று சேர்த்து வைத்த ஊர், வேறொரு ஆற்றை நம்பி நிற்பது எனக்கு உறுத்துகிறது.

நீ வருவதாக இருந்தால் நவம்பரில் வா, வெயில் தணிந்திருக்கும். பழைய நகரத்துக்குள்ளேயே தங்கு. பழைய மரவீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள், முற்றத்தில் டாங்கா இருக்கிறதா என்று கேட்டு அறை எடு. இரவில் மாணேக் சௌக்கில் சாப்பிடு, பகலில் நகைக்கடை வீதியாக இருக்கும் இடம் அப்போது முழுக்கத் தின்பண்டக் கடையாகிவிடும். சிதி சையத் மசூதியின் கல் சாளரத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் பார். அசார்வாவுக்கு ஆட்டோக்காரரிடம் 'தாதா ஹரீர் நி வாவ்' என்று சொல், கொண்டுபோய் விட்டுவிடுவார். காலையிலேயே போய்விடு.

அன்புடன்,
உன் தோழி