ஜப்பானியர் எங்கிருந்து வந்தனர்?

 

பெங்களூரில் நான் குடியிருக்கும் பகுதியில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எண்மருக்குச் சனிக்கிழமைதோறும் உலக வரலாறு கற்பித்து வருகிறேன். என்.சி.இ.ஆர்.டி. நூலில் ஜப்பான் இடம்பெறும் பாடம் நவீனமயமாதலைப் பற்றியது. ஷோகன்களின் ஆட்சி, 1868இல் மெய்ஜி மீட்சி, தொழில் வளர்ச்சி, போர் என்று அது விரைந்து செல்கிறது. மக்களைப் பற்றி அங்கே ஒரு சிறு குறிப்புத்தான் உண்டு: பெரும்பாலும் ஒரே தன்மையர், ஐனு என்னும் சிறுபான்மையினரும், காலனியாட்சியில் வலிந்து கொண்டுவரப்பட்ட கொரியரும் இருக்கின்றனர். இதைப் படித்ததும் ஒரு மாணவி, "சார், அது தீவுதானே? அந்த 'ஒரே தன்மையர்' மட்டும் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டாள்.

தேர்வில் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத்தராத கேள்வி. ஆயினும் அதற்கு மூன்று சனிக்கிழமைகளைச் செலவிட்டோம்.

1877இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்டு மோர்ஸ், யோகோஹாமாவிலிருந்து தோக்கியோ செல்லும் ரயிலின் சன்னல் வழியே ஓமோரி என்னுமிடத்தில் ஒரு சிப்பி மேட்டைக் கண்டார். அதை அகழ்ந்தபோது, கயிற்றை அழுத்தி வரி பதித்த பானை ஓடுகள் கிடைத்தன. அந்தக் கயிற்று வரியே 'ஜோமோன்' என்று ஒரு நெடிய காலத்துக்குப் பெயராயிற்று. ஜப்பானின் மிகப் பழைய பானைகள் 15,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றை வனைந்தவர்கள் உழவர்கள் அல்லர். மீன் பிடித்தும் வேட்டையாடியும் காட்டுக் கொட்டைகளைச் சேர்த்தும் வாழ்ந்தவர்கள். உழவுக்குப் பின்னரே பானை என்று மனத்தில் பதித்திருந்த என் மாணவர்களுக்கு இது பெருவியப்பாக இருந்தது.

அடுத்தது யாயோய்க் காலம். கொரியத் தீபகற்பத்திலிருந்து கியூஷூவின் வடபகுதிக்கு வந்தவர்கள் நீர் தேக்கி நெல் விளைவிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். வெண்கலமும் இரும்பும் அவ்வழியே வந்தன. இது கி.மு. 300 அளவில் தொடங்கியது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2003இல் ஜப்பானிய வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள், கரிமக் காலக்கணிப்பைக் கொண்டு, அத்தொடக்கம் ஏறத்தாழ 500 ஆண்டுகள் முந்தியது என்று அறிவித்தனர். இருந்தவர்களும் வந்தவர்களும் கலந்தே இன்றைய ஜப்பானியர் உருவாயினர் என்பது மானிடவியலாளர் ஹனிஹாரா கசுரோ 1991இல் முன்வைத்த இரட்டை அமைப்புக் கொள்கை. 2021இல் வெளியான தொல் மரபணு ஆய்வொன்று, கொஃபுன் காலத்தில் வந்த மூன்றாவது ஓட்டத்தையும் அதனோடு சேர்த்தது. ஜோமோன் மக்களின் மரபுக்கூறு ஐனு மக்களிடமும் ஒக்கினாவா மக்களிடமுமே மிகுதியாக உள்ளது.

மாணவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு கேட்டது ஒரு பட்டியலைப் பற்றி. கி.பி. 815இல் ஜப்பானிய அரசவை, தலைநகரிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த 1,182 குடிகளின் வழிமரபைத் தொகுத்தது. அவற்றுள் 326 குடிகள் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தோரின் வழியினர் என்று அந்நூலே வகைப்படுத்துகிறது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! நெசவு, எழுத்து, கணக்கு, உலோக வேலை எனப் பலவற்றில் அவர்களின் பங்கு பெரிது. பேரரசர் கன்முவின் தாய் கொரியாவின் பெக்ஜே அரச மரபில் வந்தவர் என்பதைப் பழைய வரலாற்று நூலைச் சுட்டி 2001இல் பேரரசர் அக்கிஹிதோவே நினைவுகூர்ந்தார். மறுபுறம், ஐனு மக்கள் அந்நாட்டின் தொல்குடிகள் என்பதைச் சட்டம் ஏற்க 2019ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஒரே தன்மையர்' என்னும் இரண்டு சொற்களுக்கு அடியில் இவ்வளவும் புதைந்து கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு தமிழ் மாணவன், "ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்ததாக அப்பா சொல்கிறார்" என்றான். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பலரும் கேட்டு வளர்ந்த செய்தி அது. பழஞ்சப்பானிய மொழியில் பெரும்புலமை பெற்ற பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) பல்லாண்டுகள் உழைத்து இக்கருத்தை முன்வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு இணைந்து பணியாற்றினர். நெல் வேளாண்மைச் சொற்கள், தாழி அடக்கம், பொங்கலையும் ஜப்பானின் சனவரி நடுப்பகுதிச் சடங்குகளையும் ஒப்பிடுதல் என அவருடைய சான்றுகள் விரிவானவை. ஆயினும் மொழியியலாளருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஒழுங்கான ஒலி ஒப்புமை நிறுவப்படவில்லை என்பது அவர்களின் முதன்மைத் தடை.

இதை வகுப்பிலேயே சோதித்தோம். 'நான் நேற்று நூலகத்தில் புத்தகம் படித்தேன்' என்னும் தொடரை ஜப்பானியம், தமிழ், கன்னடம் மூன்றிலும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். வினை மூன்றிலும் இறுதியில் நின்றது. வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னரே வந்தது. உடனே கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி, "அப்படியென்றால் கன்னடத்திலிருந்து வந்தது என்று ஏன் சொல்லக்கூடாது?" என்றாள். துருக்கியமும் மங்கோலியமும்கூட இவ்வாறே அமையும் என்றேன். வாக்கிய அமைப்பின் ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பதை அவள் கேள்வியே விளக்கிவிட்டது. ஓனோவின் உழைப்பு மதிப்பிற்குரியது. அதற்காக அவர் முடிவை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. ஓர் ஆய்வாளரை அணுகும் முறை இது என்பதையும் மாணவர்கள் அன்று கண்டனர்.

தந்தையின் கூற்றைச் சொன்ன அந்தப் பையன் பெங்களூரில் பிறந்தவன். அவன் பாட்டனாரும் இங்கேயே பிறந்தவர். விளையாட்டுத் திடலில் சண்டை மூண்டால் "உங்கள் ஊருக்குப் போ" என்று அவனிடம் சொல்வார்களாம். ஜப்பானுக்கே மொழி தந்தோம் என்னும் பெருமிதம் அவனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அவனைத் துரத்தும் குரலும், அவன் பற்றிக்கொண்ட பெருமிதமும் 'யார் முதலில்?' என்னும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

மூன்றாம் வாரம் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன்: உங்கள் குடும்பத்தில் பெங்களூருக்கு முதலில் வந்தவர் யார், எங்கிருந்து, எதற்காக, என்ன கொண்டுவந்தார்? ஒருவனின் முன்னோர் வடார்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய், பிறகு இங்கு வந்தவர்கள். இன்னொருத்தியின் குடும்பம் கண்டோன்மென்ட்டில் தையற்கடை வைக்க வந்தது. "நாங்கள் எப்போதும் இங்கேதான்" என்று தொடங்கிய கன்னட மாணவி, பாட்டியிடம் கேட்டபின் அதை அடித்துவிட்டு, மாகடியிலிருந்து ராகியும் திரிகைக் கல்லுமாக வந்த கதையை எழுதியிருந்தாள். பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கிய பேகூர்க் கன்னடக் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது, தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் இருப்பவை தமிழ்க் கல்வெட்டுகள். இரண்டும் இந்த நகரத்தினுடையவை என்று சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

பிறர் வரலாற்றில் கலப்பை நாம் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். அங்கே நம் மானம் எதுவும் பணயத்தில் இல்லை. தொலைதூரத்துத் தொல்வரலாற்றைப் பள்ளியில் கற்பிப்பதன் பெரும்பயன் இதுவென்றே எண்ணுகிறேன். அங்கே பழகிய கண்ணைப் பிள்ளைகள் தம் தெருவின் பக்கமும் திருப்புவார்கள். பதினோராம் வகுப்புக்குக் கற்பிக்கும் நண்பர்கள், மெய்ஜிக்குச் செல்லும் முன் ஒரு வகுப்பையேனும் ஜோமோனுக்கும் யாயோய்க்கும் ஒதுக்குங்கள். பாடத்திட்டம் இடம் தராது என்பதை அறிவேன். அந்த 'ஒரே தன்மையர்' என்னும் சொற்களை நிறுத்தி வாசித்தாலே போதும். கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்.