சேர்விஸ் முடிந்த மறுநாள்

புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கு ஓய்வில்லை. காலபோகத்துக்கு உழவு இயந்திரம் வயலில் நிற்கவேண்டும், மாரி மழை இறங்கமுன் பெக்கோ வெள்ளவாய்க்கால்களைத் துப்புரவாக்கவேண்டும், டிப்பர் அத்திவாரக் கல் ஏற்றி முடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சேர்விஸ். அந்த நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று: "நேற்றுத்தான் அண்ணை சேர்விஸ் செய்தது. இண்டைக்குப் பாத்தா மிஷின் இழுக்குதில்லை."

இதைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வரும். ஓடி ஓடித் தேய்ந்து நின்ற மிஷினில் குற்றம் எங்கேயும் இருக்கலாம். நேற்று மட்டும் ஒழுங்காக ஓடி இன்று நின்ற மிஷினில் இடையில் ஒரு கை பட்டிருக்கிறது. அந்தக் கை போன வழியே திரும்பிப் போனால் அநேகமாகக் குற்றம் அகப்படும். உரிமையாளரின் மனம் அப்படி ஓடுவதில்லை. லீசிங் காசு, பிடித்த வேலை, கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான், எல்லாம் ஒன்றாய் அவர் கண்முன் வந்துவிடும். கியர் பொக்ஸ் போய்விட்டது என்று அவர் முதலே முடிவு கட்டிவிடுவார்.

கரவெட்டிப் பக்கம் ஒரு பெக்கோ. காலையில் ஸ்டார்ட் எடுத்து முன்னுக்குப் போட்டால் சில நொடி அசையாமல் நின்று, பிறகு முக்கிக்கொண்டு புறப்படும். பின்னுக்குப் போட்டாலும் அதே கதை. வேலை செய்து சூடேற ஏற இன்னும் மோசம். மத்தியானத்துக்குள் வாய்க்கால் கரையில் ஏறமாட்டாமல் நின்றுவிட்டது. நான் போய்ச் சேரமுன்பே அங்கே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. கிளச் தட்டுகள் எரிந்துவிட்டன, கியர் பொக்ஸை இறக்கவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஏற்றிப்போக லோ பெட்டுக்கும் பேசியிருந்தார்கள். முதல்நாள் சேர்விஸ் செய்த பொடியன் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றான். முதலாளி அவனை ஏசிய சத்தம் தெருமுனையிலேயே எனக்குக் கேட்டது.

பெக்கோவின் ட்ரான்ஸ்மிஷனில் முன்னோட்டத்துக்கு ஒரு கிளச் அடுக்கு, பின்னோட்டத்துக்கு இன்னொன்று. இரண்டையும் அழுத்திப் பிடிப்பது ஒயில் அழுத்தம். ஒரு பம்ப் அடியிலுள்ள ஒயிலைச் சல்லடை வழியாக இழுத்து, பில்ரரூடாக அனுப்புகிறது. அதே ஒயில்தான் எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் கொன்வெர்ட்டரையும் நிரப்பி, கூலரில் ஆறி, மறுபடி அடிக்கு வருகிறது. இவ்வளவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முன்னுக்கு மட்டும் இழுக்காவிட்டால் முன்னோட்டக் கிளச்சை, அதன் சொலினோயிட்டை, அதற்குப் போகும் வயரைச் சந்தேகிக்கலாம். இரு பக்கமும் அடியோடு அசையாவிட்டால் கான்ட் பிரேக் சுவிட்ச், பியூஸ், லீவரின் அடியிலுள்ள பிளக் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். பல மிஷின்களில் கான்ட் பிரேக் பிடித்திருந்தால் ட்ரான்ஸ்மிஷனுக்கு மின் போகாது. சேர்விஸ் நாளில் தண்ணீர் அடித்துக் கழுவும்போது பிளக் நனைவதும் நெகிழ்வதும் வழமை. இரு பக்கமும் இழுத்து, ஆனால் பலமில்லாமல் இழுத்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் குற்றம்: ஒயில், சல்லடை, பம்ப், பில்ரர், அழுத்த வால்வு. இரண்டு கிளச்சும் சொல்லிவைத்ததுபோல் ஒரே இரவில் எரிந்துபோவது நடக்கிற காரியமில்லை.

டிப் ஸ்டிக்கை இழுத்தேன். ஒயில் குறிவரை நின்றது. ஆனால் கம்பியில் ஒட்டியிருந்தது தெளிந்த ஒயில் இல்லை. தேநீரை ஆற்றும்போது மேலே கட்டும் நுரைபோல வெளிறி, கடுகிலும் சிறிய குமிழிகள் நிறைந்திருந்தது. உள்ளங்கையில் தடவினால் குமிழிகள் உடைவது தெரிந்தது. தண்ணீர் கலந்தாலும் ஒயில் இப்படித்தான் வெளிறும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீருக்குள் நின்ற மிஷின்களில் அப்படி எத்தனையோ பார்த்தோம். அதனால் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து நிழலில் வைத்தோம். சிறிது நேரத்தில் குமிழி மேலேறி ஒயில் தெளிந்துவிட்டது. தண்ணீர் கலந்திருந்தால் அப்படித் தெளியாது. ஆகவே இது காற்று. பம்ப் ஒயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. காற்று அமுங்கும், ஒயில் அமுங்காது. நுரை போய்க் கிளச்சைப் பிடிக்குமா?

நான் பொடியனை மிஷினுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, எங்க வச்சு ஒயில் மாத்தினனீங்கள்?"

"வீட்டு முத்தத்தில அண்ணை."

"முத்தம் மட்டமோ?"

"இல்லை. பின்பக்கம் பள்ளம்."

"ஊத்தின பிறகு எஞ்சினை ஓடவிட்டு, திருப்பி அளவு பாத்தனீங்களோ?"

அவன் முதலாளி நின்ற பக்கம் பார்த்தான். "இருட்டிப்போச்சுது அண்ணை. விடிய வேலைக்கு வேணும் எண்டவை."

இவ்வளவுதான் விஷயம். சரிவில் நின்ற மிஷினில் டிப் ஸ்டிக் உள்ளதைவிடக் கூடக் காட்டியிருக்கிறது. புது பில்ரர் வெறுமையாகப் பூட்டப்பட்டது. எஞ்சின் ஓடியதும் அதுவும் கூலரும் தங்கள் பங்கை இழுத்துக்கொண்டன. மிச்சம் பம்புக்குப் போதவில்லை. காற்று உள்ளே போனது, நுரை பொங்கியது. அந்த நுரையே டிப் ஸ்டிக்கில் ஏறி அளவு சரி என்று எல்லோரையும் ஏமாற்றியது. மிஷினை மட்டமான தெருவுக்கு மெல்லக் கொண்டுவந்து, நுரை அடங்கவிட்டு, அந்த மிஷினின் கைநூல் சொன்ன முறையில் அளந்தோம். ஒயில் கீழ்க்குறிக்கும் கீழே நின்றது. முதல்நாள் ஊற்றிய அதே ஒயிலில் ஏறக்குறைய 4 லீற்றர் பிடித்தது. கேஜைப் பூட்டிப் பார்த்தபோது அழுத்தம் கைநூலில் இருந்த எண்ணுக்கு வந்துவிட்டது. பெக்கோ முன்னுக்கும் பின்னுக்கும் தயங்காமல் போனது.

அளவு பார்க்கும் முறை எல்லா மிஷினுக்கும் ஒன்றல்ல. சிலதில் எஞ்சினை நிறுத்தி, ஒயில் அடியில் சேரும்வரை பொறுத்துப் பார்க்கவேண்டும். சிலதில் எஞ்சின் மெதுவாய் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் சூடாக இருக்கப் பார்க்கவேண்டும். ஒன்றின் முறையை மற்றதில் செய்தால் லீற்றர் கணக்கில் பிழைக்கும். கூடினாலும் கேடுதான்: சுழலும் பற்சக்கரங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும், சூடேற்றும்.

லோ பெட்டைத் திருப்பி அனுப்பியபின் ஒரு வேலை செய்தோம். புதிதாகப் பூட்டிய பில்ரரையே கழற்றி, அதன் தகரத்தை வெட்டி, உள்ளிருந்த மடிப்புக் காகிதத்தை விரித்தோம். அரைநாள் நுரையோடு ஓடிய கிளச் எரிந்திருந்தால் கறுப்புத் தூளும் தீய்ந்த மணமும் அங்கே இருக்கும். சிங்க்ரோ வளையம் தேய்ந்திருந்தால் பித்தளை மினுக்கம் தெரியும். காகிதம் சுத்தமாக இருந்தது. ஒரு பில்ரரின் விலைக்கு கியர் பொக்ஸின் உள்ளே பார்த்த மாதிரி. அந்தச் செலவை எந்த உரிமையாளரும் வீண் என்று நினைக்கக்கூடாது.

அந்தப் பொடியனை விடிய ஏசாமல் விட்டிருந்தால் ஏழு மணிக்கே முற்றம் பள்ளம் என்பதைச் சொல்லியிருப்பான். சேர்விஸுக்குப் பிந்திய கோளாறில் மிகப் பெறுமதியான சாட்சி அதைச் செய்த ஆள்தான். எந்த நட்டைக் கழற்றினான், எந்த ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டான், எந்த வயரை விலக்கினான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அவன் வாயை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்து அதையே தேடுவதை நான் எத்தனையோ முற்றங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நான் தொழில் பழகிய காலம் பொருளாதாரத் தடைக் காலம். 1990 இல் மறுபடி சண்டை மூண்டபின் பெற்றோலும் டீசலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்குத் தடை. பழைய ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எங்கள் கராஜில் பழைய ஒயிலைத் துணியில் வடித்து மறுபடி ஊற்றினோம், கஸ்கற்றைத் தடித்த மட்டையில் வெட்டினோம். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைக்கும் காதுக்கும் நான் இன்றும் தலை வணங்குகிறேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்படும்வரை அங்கே கனரக மிஷின்களோடு வேலை செய்தவர்கள் சிலர் பிறகு ஊர்க் கராஜ்களில் இருந்தார்கள். எனக்கு வேலை பழக்கியவர் அப்படியான ஒருவர். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்த வண்டியில் எதைக் கழற்றினார், எவ்வளவு ஒயில் வடிந்தது, எவ்வளவு ஊற்றினார் என்று எழுதுவார். வண்டி திரும்பி வந்தால் முதலில் ஸ்பனரை எடுக்கமாட்டார், கொப்பியைத்தான் எடுப்பார்.

மெசி பெர்குசன் 35, 135 போன்ற உழவு இயந்திரங்களில் பழகிய கை எங்களது. அவற்றில் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். அவை மிகுந்த பொறுமைசாலிகள். அவற்றிலும் சேர்விஸுக்குப் பிந்திய ஒரு கோளாறு அடிக்கடி வரும். கழுவித் துடைத்து ஒயில் மாற்றிய மறுநாள் கலப்பையைத் தூக்காது. பம்ப் போய்விட்டது என்று மேல்மூடியைக் கழற்றத் தொடங்குவார்கள். அந்த மாதிரிகளில் ஹைட்ரோலிக் பம்ப், பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டோடு சேர்ந்து சுழல்வது. துடைக்கும்போது யாரோ பி.ரி.ஓ. லீவரைத் தட்டி விலக்கியிருப்பார்கள். லீவரைத் திரும்பப் போட்டால் கலப்பை எழும்பும். வயலில் மேல்மூடியைத் திறந்து புழுதி விழவிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால், அதுவே ஒரு புதுக் கோளாறு.

தடைக்காலம் பழக்கிய ஒன்றை மட்டும் நாங்கள் கைவிடவேண்டும் என்பேன்: இருக்கிறதை ஊற்றி ஓட்டுவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2022 இல் ரூபாயும் விழுந்தபோது ஒயில் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பழக்கம் திரும்பி வந்தது. பழைய மிஷின்களை இன்னும் சில வருஷம் இழுக்கவேண்டிய நிலை அப்போது. பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் பெயர் தெரியாத ஒயில் மலிவு. பழைய பற்சக்கரம் அதைத் தாங்கியது. ஒயிலில் மூழ்கி நிற்கும் கிளச்சும் பிரேக்கும் தாங்காது. அவற்றின் பிடிமானமே ஒயிலில் கலந்துள்ள இரசாயனத்தில் இருக்கிறது. எஸ்.ஏ.ஈ. 90 கியர் ஒயிலை ஊற்றினால் விடியற்காலையில் தடித்து நின்று பம்ப் இழுக்கத் திணறும். சில கியர் ஒயில்களிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். பிரேக் பிடிக்கும்போது பின் அச்சு கடகடவென்று அதிர்ந்தால் பிரேக்கைக் கழற்றமுன் ஒயில் கானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கழித்த ஒயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். அதை அளந்து, மிஷின் மறுநாள் ஒழுங்காக ஓடும்வரை மூடி வையுங்கள். எவ்வளவு வடிந்தது என்று தெரிந்தால் எவ்வளவு ஊற்றவேண்டும் என்பது ஓரளவு தெரியும். கொன்வெர்ட்டருக்குள் நின்ற ஒயில் வடியாததால் கைநூலின் மொத்த அளவை அப்படியே ஊற்றினால் கூடிவிடும். பிறகு அதை வளவு மூலையில் ஊற்றாதீர்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக் கல். ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது ஊரறிந்த செய்தி. ஒரு கராஜ் மாதாமாதம் ஊற்றுவதும் போகிற இடம் அதே நிலத்தடி நீர்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் எங்கள் பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கேஜ் பூட்டத் தெரிகிறது, வயர் வரைபடம் வாசிக்கத் தெரிகிறது. வேப்பமரத்தடியில் நின்றவனைப்போல் கராஜிலேயே வளர்ந்த பொடியன்களுக்கோ ஆங்கிலக் கைநூல் மூடிய பெட்டி. மிஷின் விற்கும் நிறுவனங்கள் குறைந்தது ஒயில் வகை, அளவு, அளவு பார்க்கும் முறை ஆகியவற்றையாவது ஒரு பக்கத் தமிழில் அச்சிட்டு வண்டிக்குள் ஒட்டிக் கொடுக்கவேண்டும். வடக்கில் மிஷின் விற்று உழைக்கிறவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

இந்த மாரிக்கு மிஷின் சேர்விஸ் செய்விக்கும் உரிமையாளர்களிடம் நான் கேட்பது: வேலையைப் பின்னேரம் தொடங்கி இருட்டில் முடிக்கச் சொல்லாதீர்கள். மட்டமான இடம் கொடுங்கள். ஓடவிட்டு மறுபடி அளவு பார்க்க அரைமணி நேரம் விடுங்கள். கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் மிஷின் நின்றால், லோ பெட்டுக்குப் பேசமுன் சேர்விஸ் செய்த பொடியனைக் கூப்பிட்டு, ஏசாமல், என்ன தொட்டான் என்று கேளுங்கள்.