இலை வாடும் நேரம் அறிந்தவர்களுக்கு

பெயர் எழுதப்படாமல் போன சீனத் தேயிலைக் கைவினைஞர்களுக்கு,



அந்தமானிலிருந்து எழுதுகிறேன். நான் தேயிலைத் தோட்டத்து மக்கள் வழியில் வந்தவள். எங்கள் முன்னோர் சாப்பிட்ட சோறு தேயிலை போட்ட சோறு. பச்சை இலையைக் குடிக்கத்தக்க பொருளாக்கும் வித்தை உங்கள் கையிலிருந்து வந்தது. அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நன்றி வெகுநாளாகப் பாக்கி நிற்கிறது.

1838இல் சார்ல்ஸ் அலெக்சாண்டர் புரூஸ் கல்கத்தாவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேல் அசாமில் சதியாவுக்கு வரவழைக்கப்பட்ட சீனர்கள் கறுப்புத் தேயிலை செய்யும் முறைதான் அதன் பொருள். இலையை வெயிலில் வாடவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் துவளவைத்து, சூடான சட்டியில் புரட்டி, மேசையில் உருட்டி, கரியடுப்பின் மேல் உலர்த்துவது வரை எல்லாம் உண்டு. நூலின் தலைப்பிலேயே நீங்கள் இருக்கிறீர்கள், சீனர்கள் என்ற ஒரே சொல்லாக. இந்தியத் தேயிலைத் தொழில் முழுவதற்கும் அதுதான் அரிச்சுவடி. அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அட்டையில் பெயர் இல்லை.

இலங்கையிலும் இதே கதை. மொரிஸ் வொர்ம்ஸ் என்பவர் 1841இல் சீனாவிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து புசல்லாவையில் தம் ரோத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். அங்கே விளைந்த இலையைத் தேயிலையாக்கிக் காட்டியவர் உங்களில் ஒருவர். செலவு கட்டுப்படியாகவில்லை என்று அதோடு விட்டுவிட்டார்கள். பிறகு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் பங்களாத் திண்ணைதான் முதல் ஆலை. மேசையில் இலையைப் பரப்பி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்து உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளில் காயவைத்தார்கள். உருட்டிய கைகள் எங்கள் ஆட்களின் கைகள். அந்த உருட்டு உங்களுடையது.

அம்மா பிறந்தது அதே புசல்லாவைப் பக்கத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தாத்தாவுக்கு ஸ்டோரில் வேலை, அதாவது தேயிலை ஆலையில். அம்மா சிறுமியாகவே கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்தக் கணக்கில் எங்கள் வீடும் விழுந்தது. பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்காகவே அங்கே அரசு தேயிலைத் தோட்டங்கள் வந்தன. நாங்கள் போனது நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்கு. தாயகம் திரும்பியவர்களைக் கொண்டு மத்திய அரசு அங்கே ரப்பர் போட்டிருந்தது. கொழுந்து கிள்ளிய விரல்கள் ரப்பர் பால் வெட்டப் பழகின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டோம். 2024இல் அரசாங்கம் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது இந்த ஊரைத்தான்.

இத்தனை தேயிலைக்கு நடுவே வாழ்ந்தவர்கள் நல்ல தேயிலை குடித்ததில்லை. லயத்தில் கிடைத்தது கழிவுத் தூள். அதில் சாயத்தண்ணி போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள். தீவுக்கு வந்த பின் பால் பவுடரும் டஸ்ட் டீயும். இந்த ஊர் அபர்டீன் பஜாரில் இன்றும் அந்த டீ நன்றாகத்தான் இருக்கிறது, மழைக்கு அதைவிட்டால் வேறில்லை. ஆனால் அது தேயிலையின் நிறமும் காரமும் மட்டும்.

என் தம்பி சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். ஷியாமென், குவாங்சோ துறைமுகங்களில் கரை இறங்கும் போதெல்லாம் ஒரு டின், ஒரு பொட்டலம் என்று வாங்கி வருவான். உங்கள் தேயிலைகள் அப்படித்தான் எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தன.

எல்லாம் ஒரே செடி என்பதை முதலில் நம்பவே முடியவில்லை. பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், நாங்கள் கறுப்பு என்றும் நீங்கள் சிவப்பு என்றும் சொல்லும் தேயிலை, பழகப் பழகப் பக்குவமாகும் கருந்தேயிலை. ஆறும் ஒரே செடியின் இலை. இலை பறித்த பிறகு யார், எப்போது, எதைச் செய்தார் அல்லது செய்யாமல் விட்டார் என்பதில்தான் ஆறும் பிரிகின்றன. ஃபுதிங் பக்கத்து வெள்ளி ஊசி மொட்டை வாடவிட்டு உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். இளநீர் அளவுக்கே இனிப்பு, அதில் வைக்கோல் மணம். ஹாங்சோவின் லோங்ஜிங்கில் அதற்கு நேர்மாறு. ஏப்ரல் தொடக்கத்து சிங்மிங் திருநாளுக்கு முன் பறித்த இளங்கொழுந்தை உடனே சூடான சட்டியில் போட்டு வெறுங்கையால் அழுத்தித் தட்டையாக்குகிறீர்கள். அந்தக் கை அசைவுகள் பத்து என்று வகுத்து வைத்திருக்கிறீர்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் கசந்துவிடும். கொதி அடங்கி ஆறிய வெந்நீரில் பாசிப்பயறு வறுக்கும் வாசம் எழும். ஹூனானில் தோங்திங் ஏரிக்கு நடுவே ஜுன்ஷான் என்றொரு குட்டித் தீவாமே, அங்கே மொட்டுகளைக் காகிதத்தில் பொதிந்து, சொந்த வெப்பத்திலேயே மெல்ல மஞ்சளாக விடுகிறீர்கள். வூயி மலையில் பைன் விறகுப் புகையில் காயும் லாப்சாங் சூச்சோங்கைத் திறந்த அன்று வீட்டில் கருவாடு சுட்டோமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அம்மாவுக்கும் அது ஒத்துவரவில்லை.

அம்மாவை உட்காரவைத்தது தியேகுவான்யின். ஃபூஜியானின் ஆன்ஷி ஊர் ஊலாங். தம்பி கொண்டுவந்தது மிளகளவு பச்சை உருண்டைகள். வெந்நீர் பட்டதும் ஒவ்வொன்றும் பிரிந்து முழு இலையாக விரிந்தது. காம்பு கூட அப்படியே இருந்தது. அம்மா ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். நடுவில் பச்சை, விளிம்பில் செம்பழுப்பு. பிறகு கோப்பையை முகர்ந்தாள்.

“அட, இது மாடியில கொழுந்து வாடுற வாசம் புள்ள.”

தோட்டத்து ஸ்டோரில் மேல் மாடிகள் இலை வாட்டுவதற்கு. சாயங்காலம் நிறுத்துக் கொட்டிய கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி இரவெல்லாம் வாடவிடுவார்கள். பாதி இரவில் பச்சை வாடை போய், பூவும் பழமும் கலந்த ஒரு மணம் அந்தக் கட்டடத்தையே நிறைத்துவிடும் என்பாள். தாத்தாவின் சட்டையில் அது வீட்டுக்கும் வரும். விடிந்ததும் உருளையில் அரைத்து, புளிக்கவிட்டு, சுட்டு எடுப்பார்கள். லண்டன் ஏலத்துக்கு வேண்டியது சாயமும் காரமும். அந்த மணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

நீங்கள் அந்த இடத்தில் நின்றவர்கள். மூங்கில் தட்டில் இலையைக் குலுக்கி, விளிம்பு மட்டும் அடிபடும்படி பார்த்து, ஆறவிட்டு, மறுபடி குலுக்கி, இரவு முழுக்கக் கண்விழித்து, மணம் உச்சத்துக்கு வந்ததும் சூடான சட்டியில் போட்டு அதை அங்கேயே கட்டிவிட்டீர்கள். கடிகாரம் உதவாத வேலை இது. அன்றைய காற்று, ஈரம், இலையின் முதிர்ச்சி எல்லாவற்றையும் மூக்கால் அளக்க வேண்டும். எங்கள் தாத்தா ஒவ்வோர் இரவும் முகர்ந்து, அடுத்தநாள் உருளைக்குள் தள்ளிய வாசம், இத்தனை வருஷம் கழித்து அம்மாவுக்கு ஒரு கோப்பையில் கிடைத்தது. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

இன்னொன்று லியூபாவ். குவாங்ஷியின் கருந்தேயிலை, ஆவியில் வேகவைத்து மூங்கில் கூடைகளில் அமுக்கி வருஷக்கணக்கில் வைப்பீர்கள். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த உங்கள் ஆட்கள் வெக்கைக்கு இதைத்தான் குடித்தார்களாம். அதே காலத்தில் அதே மலாயாவின் ரப்பர் காட்டில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். நல்ல லியூபாவுக்கு அடையாளம் பாக்கு மணம் என்று நீங்கள் சொல்வதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தமானில் பாக்கு எங்கள் முற்றத்துச் சரக்கு. கொட்டை காயும் வாசம் எங்களுக்கு அத்துப்படி. கோப்பையின் அடியில், மண் வாடை அடங்கிய பிறகு, அது சரியாக வருகிறது. வெற்றிலை போடும் அம்மா முதல் வாயிலேயே கண்டுபிடித்தாள். அதோடு, பச்சைத் தேயிலை உப்புக்காற்றிலும் ஓயாத மழையிலும் சீக்கிரம் நமத்துப் போகும் இந்தத் தீவில், ஈரத்தோடு சேர்ந்து வாழத் தெரிந்த தேயிலை அது.

பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளை வைத்து அந்தமானிலும் தேயிலை பயிரிட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. ஆனால் தேயிலை இந்தக் கடலைத் தாண்டியது அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னால். சீனத் துறவி யீஜிங் 671இல் குவாங்சோவில் கப்பலேறி, ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கெடாவிலிருந்து வடக்கே வந்தார். வழியில் தேங்காயும் வாழைப்பழமும் படகில் கொண்டுவந்து இரும்பு கேட்ட தீவு மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அது நிக்கோபார் என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். பிற்பாடு சோழர்கள் மாநக்கவாரம் என்று கல்லில் வெட்டிய அதே தீவுகள். நாடு விட்டு வந்த இருபது ஆண்டுக்கு மேல் உடம்பைக் காத்தவை என்று அதே துறவி எழுதும்போது உண்ணாநோன்போடு ஜின்செங் கஷாயத்தையும் தேநீரையும் சேர்த்துச் சொல்கிறார். கச்சாலுக்கு அருகே எங்கோ அந்தக் கப்பல் போயிருக்கும் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

நீலகிரிக்குப் போன எங்கள் சொந்தங்கள் வேறொரு விஷயம் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். சிலர் நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்ட வேலைக்கு வைக்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களைக் கட்டிக் குடும்பம் நடத்தியவர்களை மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். தாய்சோலைத் தோட்டத்தில் தேயிலை வித்தை சொல்லிக்கொடுத்தவர்களும் அந்தக் கைதிகள்தான் என்பது மலையில் வழிவழியாக வரும் பேச்சு. அந்தக் குடும்பங்களின் உடம்பைத் தர்ஸ்டன் அளந்து எழுதினார். அவர்கள் கைக்குத் தெரிந்ததை யாராவது கேட்டு எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

2022இல் யுனெஸ்கோ சீனாவின் மரபான தேயிலை செய்முறைகளை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுச் சொத்தாகச் சேர்த்தது. உங்கள் ஊரில் இன்று சட்டியில் கை வைப்பவர்களுக்கு அது சேரட்டும். சதியாவிலும் புசல்லாவையிலும் தாய்சோலையிலும் அன்னிய மண்ணில், அன்னியருக்குக் கீழே, தெரிந்ததை மறைக்காமல் செய்து காட்டிய உங்களுக்கு, கொழுந்தெடுத்த ஒரு அம்மாவின் மகளிடமிருந்து இந்த நன்றி.

தம்பியின் கப்பல் அடுத்து குவாங்சோ போகிறது. அம்மா லியூபாவ் கேட்டிருக்கிறாள், கூடையோடு. எனக்கு ஜுன்ஷான் மஞ்சள் தேயிலை கொஞ்சம் கிடைத்தால் போதும். புகைத் தேயிலை மட்டும் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
கச்சாலிலிருந்து வந்த ஒரு தோட்டத்துப் பெண்
ஸ்ரீ விஜயபுரம், அந்தமான்